முதலில் கை, அப்புறம் கேஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். ஷிப்ட் முடிந்து மில் வாசலிலேயே நின்று பேசியிருக்கிறாய் போல, லாரி சத்தத்தில் சில இடம் காதில் விழவில்லை. விழுந்தவரை எனக்குப் புரிந்தது இது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகப் போகிறது, வலது கையைத் தூக்கவில்லை. பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டால் "போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். ஊர்க் கட்சிக்காரர் ஒருவர், பத்துப் பேரோடு போய் உட்கார்ந்தால் மூன்று லட்சம் வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்பா கோர்ட்டுக்குப் போ என்கிறார். அம்மா, மருமகள் ஒழுங்காக முக்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார். நீ என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, கேஸ் போட்டா ஜெயிக்குமா?"

அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் குழந்தையை இந்த வாரமே சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. கும்மிடிப்பூண்டியிலிருந்து பீச் போகிற லோக்கல் கிடைத்தால் வண்ணாரப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். அங்கே கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி வளர்த்த துறை அது. இந்தியாவில் கை என்றால் டாக்டர்களே கைகாட்டும் இடம். நம் வடக்குப் பக்கத்து மில்களிலும் பிரஸ் ஷாப்களிலும் விரல் போனவர்கள் எத்தனையோ பேர் அங்கே போய் வந்திருக்கிறார்கள், உனக்கே தெரிந்திருக்கும்.

பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டால், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து இழுபடும். அதைத்தான் எர்ப்ஸ் பால்சி என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானாகவே கை வந்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்குள் முழங்கை மடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மடங்கவில்லை என்றால் நரம்பு ஆபரேஷன் தேவையா என்று யோசிக்க வேண்டிவரும், அதற்கான காலம் முதல் வருடத்துக்குள்ளேயே முடிந்துபோகும். பிசியோதெரபியை இப்போதே தொடங்கலாம், நீட்டி மடக்கும் முறையை உன் மனைவிக்குக் கற்றுக்கொடுப்பார்கள். நுகர்வோர் வழக்குக்குச் சட்டம் இரண்டு வருடம் கொடுக்கிறது. நரம்பு அவ்வளவு நாள் காத்திருக்காது. இன்னொன்று, ஸ்டான்லி ஓ.பி. சீட்டில் டாக்டர் எழுதுகிற வரிதான் நாளைக்கு நம் கையில் இருக்கப் போகிற முதல் பாரபட்சமில்லாத சாட்சி.

இப்போது கட்சிக்காரர் விஷயம். அவர் சொல்வது நடக்காத காரியம் இல்லை. ஜி.என்.டி. ரோட்டில் மறியல் செய்து, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, கவரில் பணம் கைமாறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பணத்தோடு ஒரு பேப்பரும் வரும். "இனி எந்தப் புகாரும் வழக்கும் இல்லை" என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு, குழந்தைக்கு ஒரு வயதில் ஆபரேஷன் என்றால் அந்தப் பேப்பர்தான் எதிரில் வந்து நிற்கும். அந்த மூன்று லட்சத்தில் எவ்வளவு உன் வீட்டுக்கு வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தில் யாராவது ஒருவன் கண்ணாடியை உடைத்தால், மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி போடும் வழக்கில் முதல் பெயர் உன்னுடையதாகத்தான் இருக்கும். அப்புறம் நீ வாதியா பிரதிவாதியா என்று எனக்கே குழம்பிப்போகும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். 2022 மார்ச்சில் ராஜஸ்தான் தௌசா மாவட்டத்தின் லால்சோட்டில், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு பெண் இறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடியது, போலீஸ் கொலை வழக்கே பதிவு செய்தது. மறுநாள் அந்தப் பெண் மருத்துவர் உயிரை மாய்த்துக்கொண்டார். உதிரப்போக்கு எவ்வளவு திறமையான டாக்டர் கையிலும் நேரக்கூடியது. குற்றவழக்குக்கு உச்ச நீதிமன்றம் 2005இலேயே, ஜேக்கப் மேத்யூ வழக்கில், வரம்பு போட்டிருக்கிறது. சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். தனிப் புகாரை ஏற்குமுன் வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து வேண்டும். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் மருத்துவருக்கு உச்சபட்ச தண்டனை இரண்டு வருடம். உன் குழந்தை விஷயத்தில் அந்த வழியை நான் எடுக்கவே மாட்டேன். டாக்டர் ஜெயிலுக்குப் போனால் பிசியோதெரபிக்குப் பணம் வராது.

சிவில் பக்கத்திலும் சட்டம் கேட்கிற கேள்வி "விளைவு கெட்டதா" என்பதல்ல. அந்த நிலைமையில் அந்தப் படிப்புப் படித்த நிதானமான ஒரு டாக்டர் செய்வதை இவர் செய்தாரா, செய்யக்கூடாததைச் செய்தாரா என்பதுதான். நன்றாகப் பார்த்த பிரசவத்திலும் தோள் மாட்டும். ஆகவே "கை தூக்கலை, அதனால் அவங்க தப்பு" என்று போய் நின்றால் முதல் விசாரணையிலேயே எதிர்த் தரப்பு வக்கீல் பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டிவிடுவார். நமக்கு வேண்டியது அந்தச் சில மணி நேரத்தின் கணக்கு. எப்போது அட்மிஷன், எப்போது பனிக்குடம் உடைந்தது, வலி வருவதற்கு டிரிப் எப்போது போட்டார்கள், தலை எப்போது வந்தது, உடம்பு எப்போது வந்தது, நடுவில் எத்தனை நிமிடம், அந்த நிமிடங்களில் அறையில் யார் இருந்தார்கள்.

உன் மில்லில் ஃபர்னஸுக்கு லாக் புக் இருக்கிறது இல்லையா? மணிக்கு மணி வெப்பம் எழுதி ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்துப் போடுவாரே. பிரசவ அறையிலும் அப்படி ஒரு தாள் உண்டு, பார்ட்டோகிராஃப் என்று பெயர். கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, குழந்தையின் இதயத் துடிப்பு எவ்வளவு, தாயின் நாடி எவ்வளவு என்று நேரப்படி அதில் குறிக்க வேண்டும். குறித்திருந்தால் அதுவே பாதிக் கதை சொல்லிவிடும். வெறுமையாக இருந்தாலும், எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பியது போல இருந்தாலும், அதுவும் ஒரு கதைதான்.

அந்தத் தாள் கேஸ் ஷீட்டுக்குள் இருக்கும். உன் கையில் இருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரி கேஸ் ஷீட் ஆகாது. (எனக்கு டாக்டர்கள் மேல் பெரிய கோபம் எதுவும் இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரிகள் மேல் நிறைய உண்டு. கை தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன குழந்தைக்கும் 'தாயும் சேயும் நலம்' என்று அச்சடித்துக் கொடுப்பார்கள்.) மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் தரப்பினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், மூன்று வருடம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். சண்டை போடாமல், உன் மனைவி கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, தேதி போட்டு, நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்கு. வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு அனுப்பு. கொடுக்கவே இல்லையென்றால், ஏன் மறைத்தார்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு வரும். மாவட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளைக் கவனிப்பவர் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். ஜே.டி. ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும், அங்கேயும் ஒரு நகல் போகட்டும்.

கேட்கும்போது "எல்லா ரெக்கார்டும்" என்று பொதுவாக எழுதாதே. அட்மிஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், பார்ட்டோகிராஃப், நர்ஸ் நோட்ஸ், மருந்து சார்ட், குழந்தை பிறந்த எடையும் அப்கார் மதிப்பெண்ணும் இருக்கிற தாள் என்று பெயர் சொல்லிக் கேள். இதயத் துடிப்பை வரைகிற சி.டி.ஜி. பட்டை தனி. அது பில் போடும் தாள் மாதிரி வெப்பத் தாள், நாளாக நாளாக எழுத்து மங்கிவிடும். கையில் கிடைத்த அன்றே வெளிச்சத்தில் வைத்து போட்டோ எடுத்துவிடு. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த மருந்துக் கடை பில்களையும் தூக்கிப் போடாதே. கசங்கி இருந்தாலும் பரவாயில்லை. வலி மருந்து எந்த நேரத்தில் வாங்கினீர்கள் என்பது பில்லில் அச்சாகியிருக்கும். கேஸ் ஷீட்டில் வேறு நேரம் எழுதியிருந்தால் அங்கேதான் நம் குறுக்கு விசாரணை தொடங்கும்.

சுகாதார நிலையத்தில் போட்ட கர்ப்பிணிப் புத்தகத்தையும் எடுத்து வை. அதில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை அளவு இருக்கும். 140ஐத் தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிக்கும் இதைச் செய்யும் வழக்கத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது தமிழ்நாடு, அதற்கு டாக்டர் வி. சேஷய்யாவின் உழைப்பு பெரிது. ஏன் கேட்கிறேன் என்றால், சர்க்கரை இருந்தால் குழந்தை பெரிதாக வளரும், தோள் மாட்டும் வாய்ப்பு கூடும். அந்தப் புத்தகத்தைத் தனியார் டாக்டர் பார்த்தாரா, பார்த்துவிட்டு உங்களிடம் பேசினாரா என்பது கேள்வி. இதே விஷயம் ஸ்காட்லாந்தில் பெரிய வழக்கானது. லனார்க்ஷயரில் 1999இல் ஒரு சர்க்கரை நோயுள்ள தாய்க்குத் தோள் மாட்டி, குழந்தைக்கு மூளையும் கையும் பாதிக்கப்பட்டன. ஆபத்து நூற்றுக்கு ஒன்பது, பத்து என்று டாக்டருக்குத் தெரியும். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று சொல்லவில்லை. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்து 52.5 லட்சம் பவுண்டு கொடுத்தது. நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. இங்கே, பொதுவாக டாக்டர்கள் சொல்கிற அளவுக்குச் சொன்னாரா என்றுதான் பார்ப்பார்கள். இருந்தாலும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால் அது இங்கேயும் எடுபடும். உங்கள் சிப்காட்டில் ஒடிசா, பீகார் பெண்கள் எத்தனை பேர் படிக்கத் தெரியாத தமிழ்ப் படிவத்தில் ரேகை வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வேறு கவலை வருகிறது.

இவ்வளவு பேசினாயே, உன் மனைவி என்ன சொல்கிறாள் என்று எங்கேயும் இல்லை. அப்பா சொன்னது, அம்மா சொன்னது, கட்சிக்காரர் சொன்னது எல்லாம் வந்தது. அந்த அறைக்குள் இருந்தது அவள் ஒருத்திதான், நீங்கள் எல்லோரும் வராந்தாவில் நின்றவர்கள். உட்கார்ந்து கேள். தூங்குகிற நேரத்தில் வேண்டாம், குழந்தை பால் குடித்து முடித்த பிறகு கேள். யார் பிரசவம் பார்த்தது, டாக்டரா நர்ஸா? டாக்டர் எப்போது வந்தார்? தலை வந்த பிறகு என்ன சத்தம் கேட்டது? காலை மடக்கி வயிற்றோடு அழுத்திப் பிடித்தார்களா? யாராவது வயிற்றில் அமுக்கினார்களா, எந்த இடத்தில்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். தோள் மாட்டும்போது தாயின் கால்களை நன்றாக மடக்கி, அடிவயிற்றில் எலும்புக்கு மேலே அழுத்துவது முறை. வயிற்றின் உச்சியில், விலாவுக்குக் கீழே கை வைத்துத் தள்ளுவது தவறு. அப்படித் தள்ளினால் தோள் இன்னும் இறுகும், நரம்பு இன்னும் இழுபடும். கேஸ் ஷீட்டில் இதை யாரும் எழுத மாட்டார்கள். அவள் கையை எடுத்து "இங்கே" என்று வைத்துக் காட்டுவதுதான் சாட்சி. அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதித் தேதி போட்டு வை. நீ திருத்தாதே. "முக்கவில்லை" என்கிற பேச்சை உன் அம்மா இனி எடுக்காமல் பார்த்துக்கொள்வது உன் வேலை, அது என்னால் கோர்ட்டில் செய்ய முடியாதது.

எங்கே போடுவது என்று பார்ப்போம். காசு கொடுத்துப் பார்த்த வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் சாந்தா வழக்கில், தீர்த்துச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். நீ ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை ஐம்பது லட்சத்துக்குள் என்பதால், எவ்வளவு இழப்பீடு கேட்டாலும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கட்டியது ஐந்து லட்சத்துக்குள் என்றால் கோர்ட் கட்டணமே கிடையாது. ஆஸ்பத்திரி வேறு மாவட்டமாக இருந்தாலும் நீ குடியிருக்கும் இடத்தில் போடலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போவது எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். ரயிலில் என்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து வேறு லைன் மாற வேண்டும், பஸ்ஸில் என்றால் பெரியபாளையம் வழி. ஆன்லைனில் தாக்கல் செய்ய வழி இருக்கிறது, எல்லா வாய்தாவுக்கும் நீ சம்பளத்தை விட்டு வர வேண்டாம். என் ஃபீஸ் பற்றிப் பேச்சில்லை. இருந்தாலும் தெரிந்து வை: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உரிமை உண்டு. உங்கள் வீட்டில் மூன்று பேருமே அந்தப் பட்டியலில் வருகிறீர்கள்.

ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்துக்கொண்டு தனியாருக்கு ஏன் போனாய் என்று கேட்க மாட்டேன். நடுராத்திரி வலியோடு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரை யார் போவார்கள்? ஆனால் உன் மில்லில் மற்றவர்களுக்கு இதைச் சொல். "ஈ.எஸ்.ஐ. ஓசி வைத்தியம், அங்கே எதைக் கேட்பது" என்ற பேச்சு தப்பு. சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, கம்பெனி 3.25 கட்டுகிறதே, அதுதான் கட்டணம். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் எல்லாமே இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரிதான் சாந்தா தீர்ப்பின்படி வெளியே நிற்கிறது. அதற்கும் உயர் நீதிமன்றத்தில் ரிட் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றிய விஷயத்தில் மதுரைக் கிளை அடுத்த வருடமே 25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது அந்த வழியில்தான்.

இனி நீ கேட்ட கேள்வி. ஜெயிக்குமா என்று இப்போது எனக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டைப் பார்த்த பிறகு, மகப்பேறு டாக்டர் ஒருவர் படித்துச் சொன்ன பிறகுதான் சொல்வேன். நிபுணர் கருத்து எல்லா நுகர்வோர் வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், பிரசவக் கேஸில் அது இல்லாமல் இறங்குவது வீம்பு. எழுதிக் கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள், ஒருவரைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு. அவர் "இதில் தப்பு இல்லை" என்று சொன்னால் நான் வழக்குப் போட மாட்டேன். உனக்கு என் மேல் வருத்தம் வந்தாலும் பரவாயில்லை.

எவ்வளவு நாள் ஆகும் என்பதையும் மறைக்க மாட்டேன். எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரியில், நம் பக்கத்துச் சிக்கலான பிரசவங்கள் எல்லாம் போய்ச் சேருகிற அதே இடத்தில், 1996 ஆகஸ்டு 30 அன்று ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. இருபத்தொன்பது வாரம், 1250 கிராம். பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள், செப்டம்பர் 23இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு சிறிய குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுத்தால் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். செய்யவில்லை, செய்யச் சொல்லி வீட்டுக்காரர்களிடமும் சொல்லவில்லை. பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் ஐந்து லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை முதல் தேதி அதை ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது லட்சமாக்கியது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது முடிந்திருந்தது. உயிரைக் காப்பாற்றிய வைத்தியத்தைக் கோர்ட் குறை சொல்லவில்லை, செய்ய வேண்டிய ஒரு பரிசோதனையை விட்டதைத்தான் சொன்னது. வழக்கு நின்றது அந்த ஒரு புள்ளியில். தொகையைப் பிரித்துப் பார்: வருங்காலத்துக்கு 1,38,00,000. ஆன செலவுக்கு 42,87,921. அந்த 921 ரூபாய் கணக்குப் பார்த்து வந்தது. ஆகவே ஸ்டான்லிக்குப் போகிற டிக்கெட்டிலிருந்து நீ விடுப்பு எடுத்த நாள் சம்பளம் வரை ஒரு நோட்டில் எழுது.

ஜப்பானில் 2009 முதல் வேறு ஏற்பாடு இருக்கிறது. பிரசவத்தில் மூளை பாதிக்கப்பட்டுக் கடுமையான ஊனம் வந்த குழந்தைக்கு, யார் தப்பு என்று நிரூபிக்காமலே மூன்று கோடி யென் தவணையில் கொடுத்துவிடுகிறார்கள். ஏன் நடந்தது என்று டாக்டர்கள் குழு ஆராய்ந்து, அறிக்கையைப் பெற்றோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பணத்தைவிட அந்த அறிக்கைக்குத்தான் அலைகிறார்கள். நம் ஊரில் அதை வாங்க வழக்குப் போட்டால்தான் உண்டு, அதுதான் என் ஆதங்கம்.

ஸ்டான்லி போய் வந்ததும் ஓ.பி. சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. கேஸ் ஷீட் கேட்கும் கடிதத்தை நான் தட்டச்சு செய்து உன் நம்பருக்கு அனுப்புகிறேன், உன் மனைவி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கட்சிக்காரரிடம், டாக்டர் பார்த்து முடிக்கட்டும் அண்ணே என்று மரியாதையாகச் சொல்லிவிடு, பகைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நான் பொன்னேரி வீட்டில்தான் இருப்பேன். மூன்று பேருமாக வாருங்கள். பில்லையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வா, அடுக்க வேண்டாம், நான் அடுக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா